சிஎன்ஜி லாரி கிலோவுக்கு 5 கிமீதான் தருகிறது, கேஸ் எங்கே போகிறது?

மாதவரம்வண்டி:
வணக்கம். 14 மாதமாக ஒரு சிஎன்ஜி லாரி வைத்திருக்கிறேன், 12 டன் வகை. மாதவரத்தில் லோடு ஏற்றி அம்பத்தூர், கிண்டி, பெருங்குடி என்று இறக்குவதுதான் வேலை. ஊரைத் தாண்டுவதே இல்லை. டீசல் வண்டியை விட 2 லட்சம் கூடக் கொடுத்து எடுத்தேன். விற்றவர்கள் கிலோவுக்கு 8 கிமீ என்றார்கள். சிலிண்டர்கள் மொத்தம் 60 கிலோ பிடிக்கும். ஃபுல் அடித்தால் 300 கிமீதான் போகிறது. அப்படியென்றால் 5 தானே? மதியம் அடிக்கும்போது கேஸ் அழுத்தம் காட்டும் முள் 200-ல் நிற்கும். பக்கத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், வண்டி நகரவே இல்லை, 175! லீக்காக இருக்குமோ? இந்த லட்சணத்தில் லோடு கொடுக்கும் கம்பெனி 'பசுமை வண்டி' ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறது.

பழையஸ்பேனர்:
தம்பி, கேஸ் வேகமாக ஏறும்போது சிலிண்டர் சூடாகும். தொட்டுப் பாருங்கள், தெரியும். சூட்டில் 200 காட்டும், ஆறினால் இறங்கும். சென்னை வெயிலில் இது சகஜம். மீட்டர் கிலோவில்தான் ஓடுகிறது, அதனால் பணம் போகவில்லை. அடுத்த முறை பங்க் வரிசையில் சீக்கிரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

லீக் சந்தேகம் இருந்தால், ராத்திரி ஆறிய பிறகு முள்ளைக் குறித்து வைத்து, ஒரு நாள் ஓட்டாமல் விட்டு, அடுத்த ராத்திரி அதே நேரத்தில் பாருங்கள். இறங்கியிருந்தால் ஒவ்வொரு ஜாயிண்டிலும் சோப்பு நுரை தடவுங்கள். கேஸ் நிரப்பும் வாயில் தூசி அடைத்து அங்கே கசிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நுரை வந்தால் சர்வீஸுக்குத்தான், நீங்களே முறுக்க வேண்டாம்.

லெட்ஜர்:
சார், உங்கள் வகுத்தலே தப்பு. அடியில் கொஞ்சம் மிஞ்சும்போதே பங்குக்குப் போகிறீர்கள், மேலே சூட்டினால் முழுசாக ஏறுவதில்லை. 60 கிலோ உள்ளே போகவே இல்லை. டேஷ்போர்டில் கிடக்கும் பில்களை எடுத்துக் கூட்டுங்கள். இரண்டு மாதக் கிலோ, இரண்டு மாதக் கிமீ.

இன்னொன்று, 1 கிலோ கேஸில் 1 லிட்டர் டீசலை விடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் சக்தி அதிகம். ஆனால் கேஸ் வண்டியின் ஸ்பார்க் பிளக் எஞ்சின் அந்தக் கூடுதலில் பெரும்பகுதியை வீணாக்கிவிடும், அதுவும் சிக்னல் சிக்னலாக நிற்கிற ஓட்டத்தில். டெல்லியில் கேஸ் டீசலை விட நன்றாகவே மலிவு. சென்னையில் கேஸ் கிலோவும் டீசல் லிட்டரும் கிட்டத்தட்ட ஒரே விலை. அங்கே போடும் லாபக் கணக்கு இங்கே ஒத்துவராது.

நுங்கம்பாக்கம்காற்று:
ஸ்டிக்கருக்கு நான் பதில் சொல்கிறேன். 1 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 1 கிலோ சிஎன்ஜிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். டீசல் வண்டி 5.8 கிமீ கொடுத்து, உங்களுடையது நிஜமாகவே 5 என்றால், நீங்கள்தான் அதிகம் விடுகிறீர்கள்! பழையஸ்பேனர் சொன்ன நுரைச் சோதனை இதனாலும் முக்கியம்: சிஎன்ஜியில் பெரும்பகுதி மீத்தேன்தான், அது எரியாமல் கசிந்தால் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடை விட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும்.

புகை விஷயம் வேறு. 1998 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு டெல்லி பஸ்கள் கேஸுக்கு மாறியபோது, எதிரே இருந்தது கரும்புகை கக்கும் பழைய டீசல். பிஎஸ்-6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருக்கிறது, அதனால் இடைவெளி சுருங்கிவிட்டது. நீங்கள் மாற்றியது பழைய வண்டியையா, பிஎஸ்-6 வண்டியையா என்பதுதான் கேள்வி. சத்தம் குறைவு என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. என் ஜன்னலுக்குக் கீழே ராத்திரி லாரிகள் நிற்கும், அதனால் சொல்கிறேன்.

மாதவரம்வண்டி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு நாள் வண்டியை நிறுத்திப் பார்த்தேன், முள் அசையவில்லை. லீக் இல்லை. 2 மாத பில்: 990 கிலோ, 6,138 கிமீ. அதாவது 6.2. அதே ரூட்டில் ஓடும் எங்கள் அண்ணனின் பிஎஸ்-6 டீசல் 5.8. கிமீக்கு ஒரு ரூபாய் மிச்சம், மாதம் 3,000. ஆட்புளூ (டீசல் புகையைச் சுத்தமாக்க ஊற்றும் திரவம்) வாங்காததையும் சேர்த்தால் 4,000 தாண்டும். ஆனால் பிளக் மாற்றும் செலவு இருக்கிறது, 3 வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையும் வரும். 2 லட்சம் திரும்ப எப்படியும் 4 வருடம். 8 என்று சொன்னவர்களிடம் அடுத்த சர்வீஸில் இந்த பில்களை நீட்டப் போகிறேன்.

புகைக் கேள்விக்கு: நான் விற்றது 2009 மாடல் டீசல். அதனால் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். இப்போது விடிகாலை 5 மணிக்கு அடிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் 3, 4 கிலோ கூட ஏறுகிறது.