சத்துமாவு, மசாலா பொடி தொழில்: காசு வாங்காம யாரு வழி சொல்லுவாங்க?

டெல்டாக்காரி:
வணக்கம். ஒரத்தநாடு பக்கம் கிராமம். ரெண்டு வருஷமா சத்துமாவும் சாம்பார் பொடியும் அரைச்சு தெரிஞ்சவங்களுக்கு குடுத்துட்டிருக்கேன், ஊர் மில்லுல வரிசையில நின்னு அரைக்கிறதால மாசம் நாப்பது கிலோவுக்கு மேல முடியல. சொந்தமா அரைக்கிற பல்வரைசரும் வறுக்கிற மெஷினும் வாங்க நாலு லட்சம் ஆகும்ங்கறாங்க. லோன், மானியம் எல்லாம் முடிச்சு தர்றேன்னு ஒருத்தர் 15,000 கேக்குறார், அதுல உத்யம்னு சிறுதொழிலுக்கான அரசு பதிவு சர்டிபிகேட்டுக்கு மட்டும் 2,500ஆம். குடுக்கலாமா? யாரைப் போய் பாக்கணும்னே தெரியல.

செக்குமேடு:
குடுக்காதீங்க சகோதரி! உத்யம் பதிவு முழுக்க இலவசம், ஆதார், அதுல சேத்த போன் நம்பர், பான் கார்டு இருந்தா வீட்லயே பண்ணிடலாம், அட்ரஸ் gov.in-னு முடியுதான்னு மட்டும் பாருங்க, அதே மாதிரி காசு கேக்குற போலித் தளம் நிறைய இருக்கு. நேரா தஞ்சாவூர் மாவட்ட தொழில் மையத்துக்குப் போங்க, அங்க ஆலோசனைக்கு பைசா கிடையாது. சின்ன உணவுத் தொழிலுக்குன்னு பிஎம்எஃப்எம்இங்கற மத்திய அரசு கடன் திட்டம் இருக்கு, 35 சதவீதம் மானியம். அதுல மாவட்ட வள நபர்னு ஒருத்தரைப் போட்டிருப்பாங்க, திட்ட அறிக்கை எழுதுறதுல இருந்து பேங்க் வரைக்கும் கூட நிப்பாங்க, அவங்களுக்கு அரசாங்கமே குடுக்குது. இப்ப விண்ணப்பம் வாங்குறாங்களான்னு கேட்டுக்கோங்க, இல்லேன்னா பிஎம்இஜிபின்னு சுயதொழிலுக்கான மத்திய அரசு கடன் திட்டம் பத்தி கேளுங்க, கிராமத்துப் பெண்களுக்கு அதுலயும் 35தான்.

மல்லித்தூள்:
நானும் மசாலாதான்மா, புதுக்கோட்டை பக்கம். ஒண்ணு முன்னாடியே தெரிஞ்சுக்கோ, மானியம் கையில வராது. பேங்க்ல மூணு வருஷம் தனியா கிடக்கும், தவணை ஒழுங்கா கட்டினாதான் கடன்ல கழிப்பாங்க. நாலு லட்சத்துக்கு உன் பங்கு 10 சதவீதம்னா நாப்பதாயிரம் கையில வேணும். லோன் சாங்ஷன் ஆகறதுக்கு முன்னாடி மெஷின் வாங்கிடாத, நான் ஆடித் தள்ளுபடின்னு அவசரப்பட்டு வாங்கி, அந்த பில்லை ஏத்துக்கவே இல்ல, இன்னைக்கும் நெனைச்சா மனசு ஆறல. கொட்டேஷன் மட்டும் வாங்கி வை. அப்புறம் யாருக்கு எவ்ளோ குடுத்தேன்னு ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டு போ, எங்க மேனேஜர் திட்ட அறிக்கையை விட அந்த நோட்டைத்தான் புரட்டிப் புரட்டி பாத்தார்.

டெல்டாக்காரி:
ரொம்ப நன்றிக்கா, நோட்டு இருக்கு! ஆனா கணக்கு வழக்கு, பேக்கிங் எல்லாம் எங்க கத்துக்கிறது? தங்கிப் படிக்க முடியாது, சின்னப் பையன் இருக்கான்.

செக்குமேடு:
பேங்க்குகள் நடத்துற ஆர்செட்டிங்கற கிராம சுயதொழில் பயிற்சி மையத்துல கேளுங்க, பயிற்சி, மதியச் சாப்பாடு எல்லாம் இலவசம், தினமும் பஸ்ல வந்து போறவங்களும் உண்டு. முடிச்ச பிறகும் ரெண்டு வருஷம் கூப்பிட்டு விசாரிப்பாங்க.

மல்லித்தூள்:
எஃப்எஸ்எஸ்ஏஐங்கற உணவுப் பாதுகாப்பு பதிவை மட்டும் உடனே போட்டுடும்மா, நான் எடுத்தப்ப வருஷத்துக்கு நூறு ரூபாதான். திங்கக்கிழமை குறைதீர் நாள்னு ஆபீசர்ங்க கலெக்டர் ஆபீஸ் போயிடுவாங்க, செவ்வா, புதன்ல போ.