அறையோட சேர்ந்த குளியலறை: எக்ஸோஸ்ட் ஃபேன் எந்தச் சுவரில வைக்கிறது?

பரந்தன்_புதுவீடு

குளியலறை 5 அடி அகலம், 7 அடி நீளம், சீலிங் 9 அடி உயரம். மேல அஸ்பெஸ்டஸ் சீற், உள்ளுக்கு பிளாஸ்ரிக் சீலிங். பிளாஸ்ரிக் கதவு மேற்குச் சுவரில, படுக்கையறைக்குத் திறக்குது. கிழக்கும் தெற்கும் வெளிச்சுவர். குளிக்கிற இடம் கிழக்கு முனையில. அந்தச் சுவரிலதான் 2 அடிக்கு ஒண்டரை அடி கண்ணாடி லூவர் யன்னல். மலக்குழி தெற்கால.

மாரி தொடங்கினா மேல் மூலை கறுப்பாகுது, துவாய் காயுறேல்ல, இரவில மணம் அறைக்குள்ள வருது. மேசன் சொல்லுறார் சீலிங்கை வெட்டி ஃபேனை வைச்சு மேல விட்டா சுவர் உடைக்கத் தேவையில்லையாம். வயரிங் செய்யிறவர் தெற்குச் சுவரில 8 இஞ்சி இரும்பு ஃபேன் எண்டுறார். எது சரி?

கிணத்தடி_வயர்மன்

சீலிங்குக்குள்ள விடுற கதையை முதல்ல விடுங்கோ. ஈரக்காற்று சீற்றுக்கும் சீலிங்குக்கும் நடுவில நிண்டு, விடியப்புறம் சீற் குளிர்ந்த உடன அடியில முத்துமுத்தாக் கட்டிச் சொட்டும். கூரை ஒழுகுது எண்டு நினைச்சு மேல ஏறித் தார் பூசுற ஆக்கள் இருக்கினம். சலாகையும் உக்கும். மேல வௌவால் இருந்தா ஃபேன் நிண்ட நேரம் அந்த மணமும் கீழ இறங்கும். சீற்றைத் துளைச்சுக் குழாயை வெளியில எடுக்கிறதும் வேண்டாம். அஸ்பெஸ்டஸ் தூள் நெஞ்சுக்குள்ள போகக்கூடாது.

அளவைப் பாப்பம். 5 × 7 × 9 = 315 கன அடி. மணிக்கு 10 தரம் காற்று மாறவேணும் எண்டு வைச்சா நிமிசத்துக்கு 52 கன அடி சொச்சம், அதாவது மணிக்கு 89 கன மீற்றர். இந்த ரெண்டில ஒண்டு பெட்டியில அடிச்சிருக்கும், பாத்து வாங்குங்கோ. சுவரில நேரா வைக்கிற 6 இஞ்சி பிளாஸ்ரிக் ஃபேன் இதுக்குத் தாராளம். 8 இஞ்சி இரும்பு குசினிக்கு நல்லம். இந்தச் சின்ன அறையில இரைச்சல்தான் கூடும், ஈரத்துக்குக் கூடு கறளும் பிடிக்கும்.

இடம் பிடிக்கேக்க கதவைப் பாத்துத்தான் பிடிக்கவேணும். காத்து கதவடியால நுழைஞ்சு, கொமட்டைத் தாண்டி, குளிக்கிற பக்கத்தைக் கழுவிக்கொண்டு போகவேணும். அப்ப ஃபேன் கிழக்கு முனையில, சீலிங்குக்குக் கிட்ட.

மாங்குளம்_கட்டடம்

கிழக்கு முனை சரி, ஆனா எந்தச் சுவர் எண்டதில ஒரு விசயம் இருக்கு. வன்னியில வைகாசிக்குப் பிறகு சோழகம் தென்மேற்கால அடிக்கும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காத்து நேராச் சுவரில மோதினா 60 பாஸ்கல் அளவில அழுத்தம். 6 இஞ்சி ஃபேன் அதை எதிர்த்துத் தள்ளாது; இதழ் சுத்தும், காத்துப் போகாது, றோட்டுச் செம்புழுதிதான் உள்ள வரும். அதால தெற்குச் சுவர் வேண்டாம். கிழக்கு அந்தக் காலத்தில ஒதுக்குப் பக்கம், காத்தே வெளியில இழுத்துத் தரும்.

கிழக்கில இருக்கிற கரைச்சல் மாரி மழை, அது வடகிழக்கால சாய்ஞ்சு அடிக்கும். வெளியில வாய் கீழ பாத்த மூடி போட்டா அது தீரும். மூடியின்ர வாய் ஃபேன் வாயை விடச் சின்னனா இருக்கக்கூடாது. நுளம்பு வலை அடிக்காதேங்கோ, ரெண்டு மாசத்தில தூசி படிஞ்சு கம்பளி மாதிரி அடைச்சிடும். கால் இஞ்சிக் கண் உள்ள துருப்பிடிக்காத கம்பி வலை காணும். பல்லியும் குருவியும் வராது. குளவி மண் வைக்கும், அதை இடைக்கிடை தட்டிவிடவேணும்.

துளை போடுற இடம்: லிண்டல், அதாவது யன்னலுக்கு மேல போற கொங்கிறீற் தாங்கி, 7 அடியில தொடங்கி 6 இஞ்சி தடிப்பெண்டா, 7 அடி 6 இஞ்சிக்கும் சீலிங்குக்கும் இடையில ஒண்டரை அடி கல்லுச் சுவர் கிடக்கும். துளையின்ர நடு 8 அடி 3 இஞ்சியில வரட்டும். சுவரின்ர தலையில சுத்திவர ஓடுற கொங்கிறீற் வளைய பீம் கீழ இறங்கி இருக்கோ எண்டு முதல்ல தட்டிப் பாருங்கோ. பீமில, லிண்டலில கை வைக்கக்கூடாது. ஃபேனை வாங்கின பிறகுதான் வட்டம் கீறுறது, ஏனெண்டா 6 இஞ்சி எண்டது இதழ்தான், கூட்டின்ர வெளி அளவு அதை விடக் கூட. வட்டத்தைச் சுத்தி ட்ரில்லால கிட்டக்கிட்டத் துளைச்சு, மெல்லத் தட்டி எடுங்கோ. பெரிய சுத்தியலால அடிச்சா சீமெந்துக்கல் வெளிப்பக்கம் தட்டுத்தட்டாக் கழரும். பிறகு பிவிசி குழாய்த் துண்டொண்டை 1க்கு 3 சீமெந்து-மணல் சாந்தில இருத்துங்கோ, வெளிப்பக்கம் கால் இஞ்சி சரிவாய். உள்ள வடியிற மழைத்துளிதான் மோட்டரைக் கெடுக்கிறது.

பரந்தன்_புதுவீடு

கிழக்கெண்டா யன்னலுக்கு நேர மேல வருமே. பரவாயில்லையோ? ஃபேன் போட்டா இரவு மணமும் போகுமோ?

மாங்குளம்_கட்டடம்

யன்னல் திறந்து கிடந்தா ஃபேன் ஒண்டரை அடி கீழ இருக்கிற அந்த யன்னலாலதான் காத்தை இழுத்து வெளியில விடும். கொமட் பக்கத்துக் காத்து அசையாது. லூவர் கண்ணாடியைச் சாத்தினாலும் இடுக்கு இருக்கும். அதைக் கழட்டிப்போட்டு றப்பர் பீடிங் உள்ள அலுமினியச் சட்டம் ஒண்டு போடுங்கோ. கரண்ட் இல்லாத நேரம் திறக்கலாம், ஃபேன் ஓடேக்க சாத்தவேணும்.

குழாய்_வேலை_முல்லை

மணத்தைப் பற்றி நான் சொல்லுறன். ஃபேன் போட்டபிறகு மணம் கூடிப்போச்செண்டு முறைப்பாடு வாற வீடுகளில அனேகமாக் காரணம் ஒண்டுதான்: கதவடியில இடைவெளி இல்லை. ஃபேனுக்குக் காத்து எங்கையாவது இருந்து வரத்தான் வேணும். கதவு இறுக்கமெண்டா நிலத்து வடிகாலால, மலக்குழிக் காத்தை இழுக்கும்.

30 இஞ்சிக் கதவுக்கு முக்கால் இஞ்சி இடைவெளி விட்டா 22 சதுர இஞ்சி வரும், அது போதும். ஆனா பிளாஸ்ரிக் கதவை அடியில அறுக்காதேங்கோ, உள்கூடு திறந்து தண்ணி ஏறும். கீழ்ப்பலகையில 12க்கு 6 இஞ்சி பிளாஸ்ரிக் கிறில் பூட்டுங்கோ, சரிவு குளியலறைப் பக்கம் பாத்திருக்க. ஃபேனைப் போட்டிட்டு கிறிலுக்கு முன்னால பேப்பர்த் துண்டொண்டைப் பிடியுங்கோ. உள்ளுக்கு இழுபடவேணும். அதே துண்டை நிலத்து வடிகால் மேல பிடிக்கேக்க அசையவே கூடாது.

அங்க அசைஞ்சா, வடிகாலுக்குக் கீழ தண்ணி அடைப்பு இல்லை, அல்லது இருந்த தண்ணி காய்ஞ்சு போச்சு. 2 இஞ்சித் தண்ணி நிக்கிற ட்ராப் வேணும். கோடையில பாவிக்காத வடிகாலுக்குக் கிழமைக்கு ஒருக்கா ஒரு வாளி ஊத்துங்கோ. மலக்குழியின்ர வென்ட் குழாயையும் பாருங்கோ: கூரைக்கு மேல போகவேணும், தலையில வலை இருக்கவேணும். சுவரின்ர அரைவாசியில அறுத்து விட்டிருந்தா, அந்த மணம் சோழகத்தில நேர வீட்டுக்குள்ளதான்.

கிணத்தடி_வயர்மன்

வயரிங்: லைற் லைனில இருந்து 1/1.13 வயர் (1.13 மில்லிமீற்றர் ஒற்றைக் கம்பி) மூண்டு, எர்த்தும் சேர்த்து. சுவிச் கதவுக்கு வெளியில. ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர்தான் எண்டு பாருங்கோ. ஃபேனில ஐபிஎக்ஸ்4 எண்டு இருக்கவேணும், தண்ணி தெறிச்சாலும் தாங்கும் எண்டதுக்கான குறி அது. வயர் கீழிருந்து வளைஞ்சு மேல ஏறி ஃபேனுக்குள்ள போகட்டும், தண்ணி வழிஞ்சு உள்ள போகாது.

லைற்றோட சேர்த்து ஒரே சுவிச்சில போடாதேங்கோ. குளிச்சு வெளிய வந்தபிறகுதான் ஃபேனுக்கு வேலை, 20 நிமிசமாவது. 25 வாட் ஃபேன் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினா மாசத்துக்கு ஒரு யூனிற்றும் வராது. மாரியில வெளிக்காத்தே ஈரம், அதால 40 நிமிசம் விடுங்கோ. அதுக்கு முதல் வைப்பரால சுவரையும் நிலத்தையும் வழிச்சா பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப இருக்கிற கறுப்புக்கு மேல பெயின்ற் அடிச்சா திரும்பவும் வரும். பிளீச்சிங் கரைசலால துடைச்சு, கழுவி, நல்லாக் காயவிட்டு அடியுங்கோ. கொமட் கழுவுற அசிட்டோட பிளீச்சிங்கைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். ஃபேன் பூட்டமுதல் துடைக்கிறதெண்டா யன்னலையும் கதவையும் திறந்து வைச்சுக்கொண்டு செய்யுங்கோ.