விண்வெளிக்குப் போய்வந்த பொருள்: கடிதத்தை நம்பி வாங்கலாமா?

நிலாத்தூசி:
அப்பல்லோ 11 வீரர்கள் பூமிக்குத் திரும்பி வந்த கட்டளைக் கலம் கொலம்பியாவின் வெளிப்புறத்தில் ஒட்டியிருந்த காப்டன் (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) தாளில் நகத்தளவு துணுக்கு ஒன்று ஏலத்துக்கு வருகிறது. கூடவே ஒரு சான்றுக் கடிதம். கையெழுத்துப் போட்டவர் விண்வெளி வீரர் இல்லை, முன்பு அதை வைத்திருந்த சேகரிப்பாளர். வாங்கலாம் என்றிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகாசு:
வேண்டாம் தம்பி. காப்டன் இன்றும் சந்தையில் கிடைக்கிற சரக்கு. நிலவைச் சுற்றி வந்ததற்கான அடையாளம் எதுவும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் வாங்கப்போவது அந்தக் கடிதத்தைத்தான். கொஞ்சம் காசு சேர்த்து, எண் பொறித்த ராபின்ஸ் நினைவுப் பதக்கம் ஒன்றைத் தேடுங்கள். அப்பல்லோ 7 தொடங்கி ஒவ்வொரு பயணத்துக்கும் மாசசூசெட்ஸின் ராபின்ஸ் நிறுவனம் வெள்ளியில் அடித்தது. விண்வெளி வீரர்களுக்கு மட்டும்தான் விற்றார்கள். விண்வெளிக்குப் போய்வந்த பதக்கங்களில் தேதிகளைப் பயணம் முடிந்த பிறகு பொறித்தார்கள்.

ராக்கெட்ராணி:
பதக்கம் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? அப்பல்லோ 13-இல் போய்வந்த பதக்கங்களை, நிலவில் இறங்க முடியாமல் போனதால், திரும்பி வந்தபின் உருக்கி மறுபடி அடித்தார்கள். இன்று கையில் இருப்பது போய்வந்த வெள்ளி, போய்வந்த பதக்கம் இல்லை. அதற்கும் போட்டி போட்டு விலை கொடுக்கிறார்கள்.

பழையகாசு:
அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் மறைத்து விற்பதில்லை. நான் பயப்படுவது தெரியாமல் ஏமாறுவதைப் பற்றி. தாங்கள் திரும்பி வராவிட்டால் விற்றுக்கொள்ளட்டும் என்று அப்பல்லோ 11 வீரர்கள் புறப்படும் முன் கையெழுத்திட்டுக் குடும்பத்துக்கு விட்டுப்போன தபால் உறைகள், ‘காப்பீட்டு உறைகள்’, இருக்கின்றன. அசல்தான், ஆனால் பூமியை விட்டுப் போகவே இல்லை. அதையே நிலவுக்குப் போய்வந்த உறை என்று நினைத்துப் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிழக்குவானம்:
அசலா போலியா என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில் பறந்த பொருளைத் தனியார் எதற்கு அலமாரியில் பூட்ட வேண்டும்? அப்பல்லோ 15-இல் ஸ்காட், வொர்டன், இர்வின் மூவரும் 398 தபால் உறைகளை அனுமதியில்லாமல் கொண்டுபோனார்கள். அதில் 100 ஒரு ஜெர்மானியத் தபால்தலை வியாபாரி கைக்குப் போனது. விஷயம் வெளியே வந்ததும் மூவருக்கும் பறக்கும் வாய்ப்பே போயிற்று. சேகரிப்பாளர் சந்தை என்று ஒன்று இல்லாதிருந்தால் அந்த ஆசையே வந்திருக்காது.

ராக்கெட்ராணி:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். பறிமுதல் செய்த உறைகளைக் கேட்டு வொர்டன் வழக்குப் போட்டார். 1983-இல் அரசு திருப்பிக் கொடுத்தது. அதே 1983-இல் எஸ்டிஎஸ்-8 என்ற விண்வெளி ஓடப் பயணத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகளை ஏற்றிப்போய் அமெரிக்கத் தபால் துறையே விற்றது. அரசு விற்றால் சேவை, வீரர் விற்றால் குற்றமா?

கிழக்குவானம்:
அனுமதி வாங்கிச் செய்வதும் ஒளித்துச் செய்வதும் ஒன்றில்லை அக்கா. பொதுச் சொத்து அருங்காட்சியகத்தில் இருக்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

ராக்கெட்ராணி:
அருங்காட்சியகத்தின் லட்சணத்தையும் சொல்கிறேன். ஆம்ஸ்ட்ராங் நிலவில் முதலில் அள்ளிய மண்ணைச் சுமந்து வந்த பை, கான்சாஸில் ஓர் அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநர்மேல் நடந்த திருட்டு வழக்கில் பிடிபட்டது. இருப்புப் பதிவில் இரண்டு பைகளுக்கு ஒரே எண்! எது எந்தப் பை என்று தெரியாமலேயே அரசு அதை ஏலத்தில் விட்டது. 2015-இல் இல்லினாய்ஸ் பெண் வழக்கறிஞர் ஒருவர் 995 டாலருக்கு எடுத்தார். சோதித்துச் சொல்லச் சொல்லி நாசாவுக்கு அனுப்பினார். உள்ளே நிலாத் தூசி இருந்தது. உடனே, எங்கள் பை, தர மாட்டோம் என்றது நாசா. நேர்மையாக வாங்கியவருக்கே சொந்தம் என்றது நீதிமன்றம். 2017 ஜூலை 20-இல் சதபீஸ் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்குப் போனது. சோதனைக்கு எடுத்த தூசிக்காக இன்னொரு வழக்கும் நடந்து, அதுவும் அவர் கைக்கு வந்து, 2022-இல் 5 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. பொதுச் சொத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட அழகு இது.

பழையகாசு:
அந்தப் பை என் கட்சிக்குத்தான் சாட்சி. அடையாளம் சொன்னது பையிலேயே இருந்த பாக எண்ணும் (இருப்புப் பதிவு எண் இல்லை) ஆய்வகமும். கடிதம் இல்லை.

நிலாத்தூசி:
சரி, உரிமைச் சிக்கல் வராதா? 2012-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் இதையெல்லாம் தீர்த்துவிட்டது என்று படித்தேன்.

பழையகாசு:
வீரர்களுக்குத் தீர்த்தது. ஜிம் லோவெல் அப்பல்லோ 13-இல் கைப்படக் கணக்குப் போட்ட சரிபார்ப்புக் கையேடு 2011 ஏலத்தில் 3,88,375 டாலருக்குப் போனது. அதை விற்க அவருக்கு உரிமை உண்டா என்று நாசா கேள்வி எழுப்பியது. எட்கர் மிட்செல் தன் அப்பல்லோ 14 கேமராவை விற்கப் பார்த்து, வழக்கில் மாட்டி, கடைசியில் அரசிடமே ஒப்படைத்தார். இதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ முதல், அமெரிக்க-சோவியத் கூட்டுப் பயணமான அப்பல்லோ-சோயுஸ் வரை பறந்தவர்கள் நினைவாக வைத்துக்கொண்ட பொருட்கள் அவர்களுக்கே சொந்தம். நிலாக் கல் இதில் சேராது. உங்கள் துணுக்கு வீரர் கையிலிருந்து வந்ததா, யாராவது கலத்திலிருந்து உரித்ததா என்பதைப் பாருங்கள்.

கிழக்குவானம்:
உரித்ததாக இருந்தால் அது பொதுச் சொத்தைக் கிழித்து விற்பதுதான். மூலக்கலம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வாங்க, காசும் மிச்சம்.

ராக்கெட்ராணி:
வாஷிங்டன் போய்வர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்தீர்களா? துணுக்கே மலிவு :)

பழையகாசு:
வாங்குவதாக இருந்தால், கலத்திலிருந்து எடுத்தவர் யார், அவரிடமிருந்து யார் யார் கைக்கு எந்த ஆண்டு போனது என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகல் ஏலத்துக்கு முன்பே வேண்டும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.