வீடியோ காலில் பாட்டுச் சத்தம் மட்டும் போகவில்லை, வழி சொல்லுங்கள்

நாங்கள் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். பதினைந்து வருடம் பக்கத்து வீட்டில் இருந்த குடும்பம் இப்போது துபாயில் இருக்கிறது. ஞாயிறு காலை 8.30 ஆராதனையையும் இரவு வீட்டு ஜெபத்தையும் வீடியோ காலில் அவர்களோடு பகிர்கிறோம். ஆராதனை தொடங்கும்போது அங்கே காலை 7 மணி. அந்த வீட்டு அக்கா பாமாலையை (ஆராதனைப் பாட்டுப் புத்தகம்) திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

மூன்று வாரமாக ஒரு சிக்கல். பிரசங்கம் தெளிவாகக் கேட்கிறது. ஆர்கன் தொடங்கியதும் சத்தம் கிணற்றுக்குள் போன மாதிரி அமுங்கிவிடுகிறது. வீட்டில் ஆர்மோனியத்துக்கும் அதே கதி. ஒருவர் தனியாகப் பாடினால் கேட்கிறது, சபையாகப் பாடினால் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. போன வாரம் அக்கா பாதியில் பாடுவதை நிறுத்திவிட்டார். மனசு கஷ்டமாகிவிட்டது.

போன் ஆண்ட்ராய்டு 13. வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தாச்சு. வேறு போன், காலர் மைக், ஆப் அப்டேட் எல்லாம் முடிந்தது. அதே போனில் ரெக்கார்டு செய்தால் ஆர்கன் சுத்தமாகக் கேட்கிறது, அதனால் மைக் பழுதில்லை. பாட்டை இரைச்சல் என்று நினைத்து ஆப்பே வடிகட்டுகிறதோ என்று சந்தேகம்.

அடுத்த ஞாயிறு எங்கள் சபையின் அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்துத் திருநாள்). இசையை அமுக்காமல் அப்படியே அனுப்ப போனில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?