லிப்ஸ்டிக்ல 75470, சாக்லேட்ல 904: பச்சைப் புள்ளியை நம்பலாமா?

மாடிவீட்டு மருமகள்:
புரட்டாசி வந்தா எங்க அத்தை முட்டை கேக் வச்ச தட்டைக்கூட தனியா கழுவச் சொல்வாங்க. நேத்து என் லிப்ஸ்டிக் அட்டையில இருந்த பொடி எழுத்தை போன்ல ஜூம் பண்ணிப் பார்த்தேன். சிஐ 75470. தேடினா பூச்சிங்குது! பையனோட பளபள சாக்லேட் உருண்டையில 904, அதுவும் பூச்சியாம். ஆனா பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கே?

சிவகாசி புரூஃப்:
லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ல புரூஃப் பார்க்கிறேன், இந்த நம்பர்களோடதான் பொழப்பு. 75470ன்னா கார்மைன். பெரு நாட்டுல சப்பாத்திக்கள்ளியில அப்பிக்கிட்டு இருக்கிற கொச்சினீல் பூச்சியைச் சுரண்டிக் காயவச்சு எடுக்கிற சிவப்பு. வெளிநாட்டு யோகர்ட், மிட்டாய்ல 120ன்னு வரும்.

904 ஷெல்லாக். வேற ஒண்ணுமில்ல, நம்ம அரக்கு. கவருக்கு சீல் வைக்க உருக்குவோமே, அதுக்கும் மூலம் இதுதான். ஜார்க்கண்ட் பக்கம் மரக்கிளையில அரக்குப் பூச்சி விடற பிசின். பச்சைப் புள்ளி அச்சுப்பிழை இல்லைங்க. பால், தேன், தேன்மெழுகு, ஷெல்லாக் எல்லாம் அசைவக் கணக்குல வராதுன்னு விதியிலேயே இருக்கு. அந்தப் பட்டியல்ல கார்னாபா மெழுகும் இருக்கு. அது பனை வகை மரத்து இலையில எடுக்கிறது, அதை எதுக்கு விலக்கினாங்கன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

சைதாப்பேட்டை வாசி:
அந்தக் கொச்சினீல் பூச்சிக்கு எங்க ஊரோட பழைய பகை உண்டு. 1780கள் கடைசியில ஜேம்ஸ் ஆண்டர்சன்னு கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஒருத்தர் இந்தச் சாயத்துக்காகவே சைதாப்பேட்டையில கள்ளித்தோட்டம் போட்டார். 1795ல பிரேசில்லேர்ந்து வந்து சேர்ந்தது வேற ஜாதிப் பூச்சி. சாயம் மட்டம். கள்ளியைத் தின்னு தீர்த்ததுதான் மிச்சம்.

மருந்துக்கடை:
லிப்ஸ்டிக்கை விடுங்க, வீட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்க. கேப்ஸ்யூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டின். மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பு இதுலேர்ந்து காய்ச்சி எடுக்கிறது. செல்லுலோஸ் கூடும் கிடைக்குது, கேட்டு வாங்கணும். அதுக்காக டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்திடாதீங்க.

மாடிவீட்டு மருமகள்:
எல்லாருக்கும் நன்றி. லிப்ஸ்டிக்கை ஐப்பசி வரைக்கும் பீரோவுல வச்சுட்டேன். 904ஐ அத்தைகிட்ட அரக்குன்னு சொன்னதும், "அரக்குதானே, பையன் தின்னுட்டுப் போறான்"னுட்டாங்க. ஆனா தினம் ராத்திரி சாமி கும்பிட்டுட்டு அவங்க ஒரு கேப்ஸ்யூல் போடறாங்க. அதைச் சொல்ல எனக்கு தைரியம் இல்ல. மருந்துக்கடை அண்ணா, செல்லுலோஸ் கூடுன்னு அட்டையில எப்படிப் போட்டிருக்கும்?

மருந்துக்கடை:
ஹெச்பிஎம்சின்னு தேடுங்கம்மா.