வெளிநாட்டுக் கூட்டு ஆய்வு ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

களப்பணி:
எங்கள் குழு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து காசநோய் ஆய்வு தொடங்கப் போகிறது. நோயாளிகளைச் சேர்ப்பது, சளி, ரத்த மாதிரி எடுப்பது, சிகிச்சை முடியும்வரை தொடர்ந்து பார்ப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு, மரபணு வரிசைப்படுத்தலும் புள்ளியியலும் அவர்களிடம். மாதிரிகளை எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம் என்று வரைவில் ஒரு வரி இருக்கிறது, அது உறுத்துகிறது. நிர்வாகமோ நிதி வந்தால் போதும், சீக்கிரம் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

நெறிக்குழு:
அந்த வரியை அப்படியே விடாதீர்கள். என்ன பரிசோதனை, எத்தனை வருடம், மறுபடி பயன்படுத்த யார் அனுமதி தர வேண்டும், மிச்சத்தைத் திருப்பி அனுப்புவார்களா அழிப்பார்களா, இதெல்லாம் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் (மாதிரிகளை அனுப்புவதற்கென்றே போடும் ஒப்பந்தம்) எழுத்தில் இருக்க வேண்டும். நோயாளியின் ஒப்புதல் படிவம் காசநோய் ஆய்வுக்கு மட்டும் என்றால், நீங்களே விரும்பினாலும் வேறு ஆய்வுக்குக் கொடுக்க முடியாது. ஒரு நாட்டின் உயிரின மரபு வளங்களைப் பயன்படுத்துவோர் அனுமதி பெற்று, பலனையும் பகிர வேண்டும் என்கிற சர்வதேச ஒப்பந்தம்தான் நகோயா நெறிமுறை. மனித மாதிரிகள் அதற்குள் வராது, ஆனால் கிருமிகள் வரும் என்று எடுத்துக்கொள்ளும் நாடுகள் உண்டு, அதையும் விசாரியுங்கள். இந்தோனேசியா 2007இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது, தன் மாதிரியிலிருந்து உருவாகும் தடுப்பூசியைத் தானே வாங்க முடியாத நிலை வரும் என்பதுதான் அதன் வாதம். மாதிரிகளோடு தடுப்பூசி போன்ற பலன்களையும் பகிர வேண்டும் என்கிற ஏற்பாடு உலக சுகாதார நிறுவனத்தில் 2011இல்தான் வந்தது. அனுப்பியபிறகு பேரம் பேச நம் கையில் ஒன்றும் இருக்காது.

கணக்குப்பிள்ளை:
நான் பட்ஜெட் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மறைமுகச் செலவு, அதாவது ஆய்வுக்காக நிறுவனத்தை நடத்தும் பொதுச் செலவு, என்ற வரியைப் பாருங்கள். மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச். இதற்கு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நெடுங்காலம் 8 சதவீதம்தான் கொடுத்தது, அங்குள்ள பல பல்கலைக்கழகங்களுக்கு 50 சதவீதத்துக்கு மேல். ஆனால் உறைபெட்டி மின்சாரம், ஜெனரேட்டர், தணிக்கை, கணக்காளர் சம்பளம் எல்லாம் நமக்கும் உண்டுதானே? அடுத்து, செலவு செய்துவிட்டு பில் அனுப்பினால் பணம் தருவோம் என்பார்கள், அது தாமதமானால் களப்பணியாளர் சம்பளம்தான் முதலில் நிற்கும், அதனால் முன்பணம் கேளுங்கள். 2025 மே மாதம் என்.ஐ.எச். வெளிநாட்டுத் துணைநிதிகளை (முதன்மை நிதி பெற்ற நிறுவனம் வழியாக வெளிநாட்டுக் கூட்டாளிக்கு வரும் பங்கு) பழைய முறையில் தருவதை நிறுத்துவதாக அறிவித்தபோது எத்தனையோ குழுக்கள் தவித்தன. நிதி பாதியில் நின்றால் ஏற்கெனவே சேர்ந்த நோயாளிகளை யார் கவனிப்பது என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

களப்பணி:
நன்றி, நிதி நிற்பதைப் பற்றி வரைவில் ஒரு சொல்கூட இல்லை. கட்டுரையில் எங்கள் பெயர் வருமா என்பதும் தெளிவாக இல்லை.

வரைவு_மூன்று:
அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பல மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐ.சி.எம்.ஜே.இ. (மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு) விதியில், கட்டுரையின் ஆசிரியராகப் பெயர் வர தரவு சேகரித்தால் மட்டும் போதாது, கட்டுரையை எழுதவோ திருத்தவோ செய்திருக்க வேண்டும், இறுதி வடிவத்தை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். வரைவையே உங்களுக்கு அனுப்பாவிட்டால் விதிப்படியே வெளியே போய்விடுவீர்கள், கடைசியில் நன்றியுரையில் ஒரு வரி கிடைக்கும். அதனால் எல்லா வரைவும் உங்களுக்கு வரும், குறைந்தது ஒரு கட்டுரையின் முதல் ஆசிரியர் உங்கள் குழுவிலிருந்து என்று இப்போதே எழுதி வாங்குங்கள். புள்ளியியலுக்கு உங்கள் ஆள் ஒருவருக்குப் பயிற்சியும், முழுத் தரவின் ஒரு பிரதியும் கேளுங்கள். எதை விட்டுக்கொடுக்கலாம் என்றால், வரிசைப்படுத்தல் எங்கே நடக்கிறது என்பதை இப்போதைக்கு விடலாம், தரவு உங்கள் கைக்கு வராமல் போவதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.