முன் லொங்காங்கை (திறந்த வடிகாலை) மூடவும், பின்பக்கம் மண் நிரப்பவும் யாரிடம் அனுமதி? நோட்டீஸ் வந்துவிட்டது, உதவுங்கள்

தோட்டத்துப் பிள்ளை (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

வணக்கம். பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறோம். அப்பா பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய வீடு. முன்னால் சாலையோர லொங்காங். பின்வேலியைத் தாண்டினால் சின்ன ஓடை. தீபாவளி மழை பிடித்தால் ஓடை பொங்கிக் குசினிக்குள் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அம்மா சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். கடைசிக் கோடு அடுப்பு மேடைக்கு மூன்று விரல் கீழே நிற்கிறது.

அதனால் பின்பக்கம் வேலிவரைக்கும் இரண்டடி மண் நிரப்பி, ஓடைக்கரையில் தடுப்புச்சுவர் எழுப்பி, குசினியைப் பெரிதாக்கலாம் என்று முடிவு செய்தோம். முன்னால் கார் நிறுத்த லொங்காங்கை மூட வேண்டும். கட்டட வேலையை எடுத்த குத்தகையாளர், "சொந்த வீடுதானே, பெர்மிட் வேண்டாம்" என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். லொங்காங்கில் ஒன்பது அங்குலக் குழாய் இரண்டைப் போட்டுப் பாதி சிமெண்டும் ஊற்றியாகிவிட்டது. போன வாரம் ஊராட்சி மன்றத்தார் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 14 நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். குத்தகையாளர் போனை எடுப்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பழைய டெக்னீஷியன் (தைப்பிங்)

தம்பி, முதலில் வேலையை நிறுத்துங்கள். நோட்டீஸ் வந்த பிறகு ஊற்றும் ஒவ்வொரு வாளி சிமெண்டும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

சாலையோர லொங்காங் உங்கள் வாசலில் ஓடினாலும் உங்களுடையது அல்ல. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் (சட்டம் 133) 46ஆம் பிரிவைப் பாருங்கள். ஊராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் சாலையோரத் திறந்த வடிகாலை மூடுவதும் அடைப்பதும் குற்றம் என்று அதில் இருக்கிறது.

சட்டம் கிடக்கட்டும், கணக்கைப் பார்ப்போம். லொங்காங்கின் அகலம், ஆழம் எவ்வளவு?

தோட்டத்துப் பிள்ளை

இப்போதுதான் டேப் பிடித்து அளந்தேன் ஐயா. அகலம் மூன்றடி, ஆழம் இரண்டடி.

பழைய டெக்னீஷியன்

அப்படியானால் தண்ணீர் போக 864 சதுர அங்குல இடம் இருந்தது. ஒன்பது அங்குலக் குழாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 64. இரண்டும் சேர்ந்து 127. ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் மேல். அந்தக் குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையும் நாலு தென்னங்கீற்றும் சிக்கினால் போதும், உங்களுக்கு மேற்பக்கம் இருக்கிற வீடுகள் அத்தனையிலும் தண்ணீர் ஏறும். முப்பது வருட வேலையில் இதை நான் எத்தனையோ தாமான்களில் பார்த்திருக்கிறேன். குழாயை எடுத்துவிடுங்கள். வடிகாலின் முழு அகலத்தையும் விட்டு, மேலே தூக்கி எடுக்கக்கூடிய கான்கிரீட் பலகையோ இரும்புக் கம்பிச் சட்டமோ போட அனுமதி கேளுங்கள். தூர்வார வருகிறவர்கள் கை விட்டுச் சுத்தம் செய்ய இடம் வேண்டும்.

அப்புறம் பின்பக்கம். இதுதான் பெரிய விஷயம். ஓடை என்ன அகலம்?

தோட்டத்துப் பிள்ளை

நாலு மீட்டர் இருக்கும். வேலிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஏழெட்டு அடி. அந்த இடத்தில் அம்மா மரவள்ளி நட்டிருக்கிறார்.

பழைய டெக்னீஷியன்

அது பெரும்பாலும் ஆற்று ரிசர்வ் நிலம், அதாவது ஆற்றுக்கென ஒதுக்கிய கரையோர நிலம். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில், 5 மீட்டருக்குக் குறைந்த ஓடைக்கு இரு கரையிலும் 5 மீட்டர் விட வேண்டும். 5 முதல் 10 வரை இருந்தால் 10 மீட்டர். 40க்கு மேற்பட்ட பெரிய ஆற்றுக்கு 50 மீட்டர். நீங்கள் சொல்கிற ஏழெட்டு அடி இரண்டரை மீட்டர்கூட வராது. அப்படியென்றால் உங்கள் வேலியே ரிசர்வுக்குள் நிற்கலாம். மரவள்ளியை விடுங்கள், தடுப்புச்சுவர் வேறு கதை.

பேராக்கில் 1920ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மாநில அதிகாரத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆற்றங்கரையில் சுவர் எழுப்பக் கூடாது. கரையிலிருந்து 50 அடிக்குள் கட்டடமும் கூடாது. அந்தச் சட்டத்தில் ஆறு என்றால் கிளையாறும் இயற்கை ஓடையும் சேர்ந்ததுதான். குசினி விரிவும் அந்த 50 அடிக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளான் போடும் அக்கா (ஈப்போ)

ஐயா சொன்னதோடு சேர்த்துச் சொல்கிறேன். தம்பி, மண் நிரப்புவது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். சட்டம் 133, 70ஏ பிரிவின்படி தோண்டுவது, சமப்படுத்துவது, நிரப்புவது எல்லாமே மண்வேலைதான். பிளான் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே தொடங்க வேண்டும். குசினி விரிவுக்கு 70ஆம் பிரிவின்படி கட்டடப் பிளான். அதை நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. பதிவுபெற்ற கட்டடக் கலைஞரோ, பொறியாளரோ, கட்டட வரைவாளரோ கையெழுத்திட்டு ஊராட்சி மன்றத்தின் ஓஎஸ்சி (ஒரே இட விண்ணப்ப மையம்) முகப்பில் சமர்ப்பிக்க வேண்டும். ஓடை இருப்பதால் வடிகால் இலாகாவின் கருத்தையும் கேட்பார்கள்.

இன்னொன்று, கழிவுத் தொட்டி எங்கே இருக்கிறது?

தோட்டத்துப் பிள்ளை

குசினிக்குப் பின்னால்தான் அக்கா. புதுத் தரை அதன்மேல் வரும். மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று குத்தகையாளர் சொன்னார்.

பிளான் போடும் அக்கா

வேண்டவே வேண்டாம். மூடியைத் திறக்க வழியில்லாவிட்டால் கசடு எடுக்க முடியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்கிறது கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர். தொட்டி நிறைந்தால் கழிவு உங்கள் லொங்காங்குக்கும் ஓடைக்கும்தான் போகும். வெள்ளம் வரும்போது அதே தண்ணீர்தான் குசினிக்குள் வரும், அம்மாதான் அதைத் துடைக்க வேண்டும். தொட்டியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் ஒப்புக்கொண்ட வகைத் தொட்டியாக, லாரியின் குழாய் எட்டுகிற இடத்தில் பிளானில் காட்டுங்கள். கூரைத் தண்ணீரை எக்காரணம் கொண்டும் கழிவுக்குழாயில் சேர்க்காதீர்கள். அது லொங்காங்குக்குப் போக வேண்டும்.

கீழ்வீட்டுக்காரி (பீடோர்)

நான் பிளான் தெரிந்தவள் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டில் இப்படித்தான் ஒரு லாரி, இரண்டு லாரி என்று மண் கொட்டி உயர்த்தினார்கள். அதுவரை எங்கள் வீட்டு வாசற்படியோடு நின்ற தண்ணீர், அடுத்த மழையில் சாமி மேடைவரைக்கும் வந்தது. அவர்கள் நல்லவர்கள், தெரிந்து செய்யவில்லை. ஆனால் இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தம்பி, நிரப்புவதற்கு முன் இரண்டு பக்கத்து வீட்டையும் கேட்டுவிடுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை

அக்கா, இதைப் படித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மண் நிரப்புவதை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குசினித் தரையை மட்டும் உள்ளே உயர்த்தி, அடுப்பு மேடையையும் மின்பிளக்குகளையும் மேலே ஏற்றலாமா?

பழைய டெக்னீஷியன்

நல்ல யோசனை. ஓடையின் இடத்தைத் தொடாத வேலை. பிளக்கை அம்மாவின் கடைசிக் கோட்டுக்கு மேல் ஒன்றரை அடியாவது ஏற்றுங்கள். தரையை உயர்த்தினால் கூரைக்கும் கதவுக்கும் உயரம் போதுமா என்று அக்காவைப் போன்ற ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

எல்லையைப் பொறுத்தவரை, நில அளவை இலாகாவான ஜூபெமில் உங்கள் லோட்டுக்கான 'பெலான் அக்குயி' (சான்றளித்த நில அளவைப் படம்) வாங்குங்கள். எல்லைக்கல் காணாமல் போயிருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் திரும்ப நட முடியும். நோட்டீஸுக்குப் பதிலை எழுத்தில் கொடுங்கள். வேலையை நிறுத்திவிட்டோம், குழாயை எடுக்கிறோம், முறையான மூடிக்கு விண்ணப்பிக்கிறோம் என்று எழுதி, படமும் இணைத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துப் பிள்ளை

இன்று காலையில் தம்பியும் நானும் சிமெண்டை உடைத்து இரண்டு குழாயையும் எடுத்துவிட்டோம். ஒரு குழாயின் வாயில் அதற்குள்ளாகவே மண்ணும் பிஸ்கட் பையும் அடைத்துக்கொண்டு இருந்தது. கடிதத்தைக் கொடுத்து முத்திரையும் வாங்கிவிட்டேன். பெலான் அக்குயி கிடைத்ததும் வேலி எங்கே நிற்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.